மூச்சு வாங்கிய வண்டி

போன வாரம் தொப்பூர் கணவாயில் என் மருமகனின் கார் நின்றுவிட்டது. நின்றது பெரிய விஷயமில்லை. கார் என்று ஒன்று இருந்தால் நிற்கத்தான் செய்யும். மருமகன் முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் போல உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும், எனக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இருவரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தோம். கடைசியில் லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு இறங்கி வந்தார். ஏதோ ஒரு குழாயைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சி, தூவென்று துப்பினார். பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது. மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அது முனிரத்தினத்தின் வாய் வாசம். காலையில் வெற்றிலை வாசம், பகலில் பெட்ரோல் வாசம், சாயங்காலம் இரண்டும் கலந்த ஒரு வாசம். பக்கத்தில் நின்று பேசினால் தலை சுற்றும். எங்கள் டாக்டரின் கார் டிரைவர் அவர். நான் அதே டாக்டரிடம் கம்பவுண்டர். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. டாக்டரின் மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்தது ஓடு வேய்ந்த ஒரே கட்டடம். நான் பள்ளிக்கூடம் முடித்து, வேறு எதற்கும் லாயக்கில்லை என்று வீட்டில் ஏகமனதாக முடிவான பிறகு அங்கே போய்ச் சேர்ந்தவன். கம்பவுண்டர் என்றால் இப்போது யாருக்கும் தெரிவதில்லை. மருந்தைக் கலக்கிக் கொடுப்பவன். நோயாளிகள் வீட்டிலிருந்தே சீசா கொண்டுவருவார்கள். வத்தல்மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் தேன் இருந்த சீசாவைக் கழுவாமலே கொண்டுவருவார்கள். அந்த மருந்து மட்டும் இனிக்கும். அதைக் குடித்தவர்களுக்குச் சீக்கிரம் குணமானதாக எனக்கு ஒரு நினைப்பு.

டாக்டரின் கார் கறுப்பு. சேலத்தில் யாரோ வைத்திருந்து கொடுத்தது. பின்பக்கம் பெட்ரோல் தொட்டி, அதன் வாயில் வட்டமாக ஒரு பித்தளை மூடி. முன்னால் என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு பம்பு, அது தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இதையும் முனிரத்தினம்தான் சொன்னார். அவருக்கு அந்தக் கார் மேல் இருந்தது பக்தி என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, காரையும் குளிப்பாட்டி, சந்தனத்தை அவரே கல்லில் இழைத்து, விளக்கு, சக்கரம், கதவு, முன்மூடி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைப்பார். பெட்ரோல் மூடிக்கும் உண்டு. அதைத்தான் விசேஷமாகக் கவனிப்பார். "சோறு போடற வாய் தம்பி இது, இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?" என்று கட்டைவிரலால் சந்தனத்தை அள்ளி, மூடியின் மத்தியில் தடிமனாக அப்புவார். டாக்டர் சாமி கும்பிடாதவர், ஆனாலும் இதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். கார் பளபளவென்று இருந்தால் அவருக்குச் சரி.

யுத்தம் வந்து பெட்ரோல் ரேஷன் ஆனது. பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடின. ஏற்றம் வந்தால் கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறுவார், பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். டாக்டர் என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகக் கிடைத்தது. கார் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் அதே சமயத்தில்தான். அதற்கு முன்னால் தொட்டியிலிருந்த பழைய தகர மூடி தொலைந்து, சேலத்திலிருந்து இந்தப் பித்தளை மூடியை வாங்கிப் போட்டிருந்தார்கள். அது நோயின் காரணமாக இருக்கும் என்று எங்களில் எவனுக்கும் தோன்றவில்லை.

நோய் என்றே சொல்கிறேன், ஏனென்றால் முறைக் காய்ச்சல் மாதிரி வந்து வந்து போனது. ஊரை விட்டுக் கிளம்பும்போது நன்றாக ஓடும். கம்பைநல்லூர் ரோட்டில் சில மைல் போனதும் இருமும், விக்கும், அப்படியே நின்றுவிடும். முனிரத்தினம் இறங்கி, பெட்ரோல் வடிகட்டும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் துடைப்பார். பிறகு பம்பைத் தட்டிப் பார்ப்பார். பிறகு குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சுவார், ஊதுவார். இதெல்லாம் ஆனபின் கடைசியாகப் பின்பக்கம் போய் மூடியைத் திருகித் திறந்து, ஒரு குச்சியை விட்டு பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பார். மூடிவிட்டு முன்னால் வந்து, என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினால் கார் கிளம்பிவிடும். கிண்ணத்தைத் துடைத்ததால் கிளம்பியது என்பார் ஒருநாள், குழாயை ஊதியதால் என்பார் இன்னொருநாள். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும்.

"மூச்சு வாங்குதுங்க ஐயா. களைச்சுப் போயிருக்குது" என்பார் முனிரத்தினம்.

"கார் என்ன கர்ப்பிணியா, மூச்சு வாங்க? ஏறு" என்பார் டாக்டர். நானும் சிரிப்பேன். சம்பளம் கொடுப்பவர் ஒன்று சொன்னால் சிரித்துவிடுவது அந்தக் காலத்தில் என் வழக்கம்.

கிளம்பிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றதால், அநேகமாக ஒரே புளியமரத்தின் பக்கத்தில் நின்றது. கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தள்ளுவார்கள். ஒரு பெரியவர், "அங்க முனி இருக்குதுங்க. கோழி காவு குடுங்க, வுட்டுரும்" என்று யோசனை சொன்னார். முனிரத்தினம் கோழி காவு கொடுக்கவில்லை. ஆனால் சந்தனத்தைக் கூட்டினார். கார் நிற்க நிற்க, வெள்ளிக்கிழமைப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. செவ்வாய், புதன் வாக்கில் வெயிலில் காய்ந்து, குலுங்கி, பொட்டு உதிர்ந்துபோகும். அப்போது கார் சமர்த்தாக ஓடும். அடுத்த வெள்ளி வரும். இப்போது எழுதும்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

சேலத்துக்கு ஒர்க் ஷாப்புக்கு அனுப்பினோம். அங்கே என்ன செய்தார்கள் என்றால், கையை வைப்பதற்கு முன் காரை மண்ணெண்ணெய்த் துணியால் துப்புரவாகத் துடைத்துவிட்டார்கள். பிறகு ஓட்டிப் பார்த்தார்கள், வழுக்கிக்கொண்டு ஓடியது. பம்பைப் பிரித்துப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. "வண்டியில கோளாறு ஒண்ணுமில்லீங்க. பெட்ரோல்ல ஏதாச்சும் கலந்திருந்தா இப்பிடி நிக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் டாக்டர் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. நல்ல பெட்ரோலைக் கள்ளத்தனமாக விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலப்பது ஊரெங்கும் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோலை எடுக்கிறவன் குழாயை வாயில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். முனிரத்தினத்தின் வாய் எப்போதும் பெட்ரோல் நாறியது.

ஒரு சனிக்கிழமை முற்பகல். கம்பைநல்லூரிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தான். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள் என்றான். முனிரத்தினத்துக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். அவருக்கும் ஊர் கம்பைநல்லூர்தான். பெருமாள் கோயில் தெருவில் அவர்கள் வீடு. அந்தத் தெரு வழியாகத்தான் இவர் வீட்டிலிருந்து சந்தைக்குப் போக வேண்டும். வாசல் தெளிக்கும்போது அந்தப் பெண் இவரை "அண்ணா" என்று கூப்பிட்டுப் பேசுமாம். "பொண்ணு தங்கமான பொண்ணுங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே காரை எடுத்தார்.

புளியமரத்துக்குப் பக்கத்தில் கார் நின்றது.

கிண்ணம் துடைத்தார், பம்பைத் தட்டினார், குழாயை ஊதினார். அன்று காலையில்தான் டாக்டரின் கண்ணெதிரில் தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றியிருந்தது. அதனால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி முனிரத்தினத்தின் உள்ளங்கை கிழிந்தது. வெகுநேரம் கழித்து என்ஜின் பிடித்தது, கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்த அந்த அண்ணன் எங்களைப் பிடித்துவிட்டான்.

"ஐயா, பின்னால கேரியர்ல ஏறிக்குங்க. மிதிச்சுக் கொண்டாந்து சேத்துடறேன்" என்றான்.

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்குக் கனத்த சரீரம். அந்த நேரம் பார்த்து என்ஜின் உறுமியது. "கார் கிளம்பிட்டுது, நீ முன்னால போய்ச் சொல்லு" என்று அவனை அனுப்பிவிட்டார். கார் இன்னும் இரண்டு இடத்தில் நின்றது.

நாங்கள் பெருமாள் கோயில் தெருவில் இறங்கியபோது அழுகைச் சத்தம் கேட்டது. டாக்டர் ஊசிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி உள்ளே போய், உடனே வெளியே வந்துவிட்டார். பெண்ணின் புருஷன் வாசலில் நின்று காரையும் எங்களையும் பார்த்தான். "வண்டியிலயா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டான். குழந்தை உள்ளே வீறிட்டுக்கொண்டிருந்தது. முனிரத்தினம் காரை விட்டு இறங்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டர் அவரைக் கூப்பிட்டார்.

"பெட்ரோலை யாருக்குடா வித்தே? என்னத்தைக் கலந்தே?"

"ஐயா, சத்தியமா இல்லீங்க."

"உன் வாயே நாறுதே!"

"ஊதிப் பாத்தனுங்க ஐயா. குழாய ஊதுனது நாறுதுங்க."

"அந்தப் பொண்ணு உன்னாலதான் செத்தா. போ, இனிமே இந்தப் பக்கம் வராதே."

முனிரத்தினம் சாவியை என் மேஜையில், மருந்துச் சீசாக்களுக்கு நடுவில் வைத்துவிட்டு நடந்தே ஊருக்குப் போனார். சைக்கிளில் ஏறாமல் விட்டதை டாக்டரால் தாங்க முடியவில்லை, அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தன் மேல் வருகிற கோபத்தை இறக்கி வைக்க மனிதனுக்கு இன்னொரு மனிதன் வேண்டியிருக்கிறது.

புது டிரைவர் சேலத்துக்காரர். மகா சோம்பேறி. காரைக் கழுவ மாட்டார். சந்தனமாவது குங்குமமாவது! சக்கரத்தில் சாணி ஒட்டியிருந்தால் அது தானாக உதிரும்வரை காத்திருப்பார். கார் ஒரு நாள்கூட நிற்கவில்லை. தீர்த்தமலை வரைக்கும் போய்த் திரும்பினோம், ஓர் இருமல்கூட இல்லை. "பாத்தியா? ஆளை மாத்தினதும் நோய் போயிடுச்சு" என்றார் டாக்டர். ஊரும் அதையே சொன்னது. முனிரத்தினத்தைத் திருடன் என்று நிரூபிக்க அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. என் மனம் முழுக்க ஒப்பவில்லை, ஆனால் ஓடுகிற காரை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது?

அந்த வருஷம் டாக்டர் வீட்டில் ஒரு சாவு, ஆயுதபூஜை கிடையாது. மறுவருஷம் டாக்டரின் மனைவி புது டிரைவரை விரட்டிக் காரைக் கழுவ வைத்தார். "முனிரத்தினம் இருந்தப்போ எப்படி ஜோரா வெப்பான்! நீயும் இருக்கியே" என்று பக்கத்தில் நின்று ஒவ்வொரு இடமாகக் காட்டிப் பொட்டு வைக்கச் சொன்னார். பெட்ரோல் மூடிக்கும் தடிமனாக வைத்தாயிற்று.

மறுநாள் அதே ரோட்டில், அதே புளியமரத்துக்குப் பக்கத்தில் கார் நின்றது.

சோம்பேறிக்குக் கிண்ணம் துடைக்கவோ குழாய் ஊதவோ தெம்பில்லை. நேராகப் பின்னால் போய் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு விளக்கெண்ணெய் டின்னில் வரும். டின்னில் ஒரே ஓர் ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கும், இறங்காது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் உள்ளே காற்றுப் போய் ஒழுங்காக ஊற்றும். நான் தினமும் ஆணி வைத்துப் போடுகிற ஓட்டை அது. மூடியை வாங்கித் துடைத்துப் பார்த்தேன். பித்தளையின் நடுவில், பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல ஒரு சின்னக் குழி, அதற்குள் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். சந்தனம் அதை அடைத்திருந்தது. வெளிக்காற்று உள்ளே போக வழியில்லை. எவ்வளவு பெரிய பம்பாக இருந்தாலும் எதை இழுக்கும்? மூடியைத் திறந்ததும் காற்றுப் போகிறது, கார் கிளம்புகிறது. முனிரத்தினம் மூச்சு வாங்குகிறது என்றது முழுக்க முழுக்க நிஜம்.

டாக்டரிடம் காட்டினேன். அவர் மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கி, துவாரத்தின் வழியே வெளிச்சத்தைப் பார்த்தார். அப்புறம் டிரைவரிடம், "கம்பைநல்லூருக்குப் போ" என்றார்.

விஷயத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவது என்பது அவர் தீர்மானம். "மன்னிப்புக் கேக்கணும், காரணத்தையும் காட்டணும். பாதி சொன்னா சந்தேகம் மிச்சம் இருக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஊருக்குள் நுழைந்ததும் மூடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். தொட்டி வாயில் துணியை அடைத்தோம்.

முனிரத்தினம் வண்டிமாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். மிளகாய் மூட்டை ஏற்றிச் சந்தைக்கு ஓட்டுகிறாராம். இளைத்திருந்தார். டாக்டரைக் கண்டதும் துண்டை இறக்கிக்கொண்டு, "வாங்க ஐயா" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"முனிரத்தினம், நீ பெட்ரோல் எடுக்கலை. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன்னைத் தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே."

"அது கெடக்குதுங்க ஐயா. திருடன்னு சொன்னது கெடக்குதுங்க." மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "வண்டி ஏனுங்க நின்னுச்சு? அதத்தான் நான் ராவும் பகலும் நெனச்சுக்கிட்டிருக்கறேன். நான் என்னமோ செய்யாம வுட்டுட்டனோ? எங்கையால என்னமோ கெட்டுப் போச்சோ? அந்தப் பொண்ணு மூஞ்சி வந்து வந்து நிக்குதுங்க. பெருமாள் கோயில் தெருவுல நான் காலு வெச்சே ஒண்ணரை வருசத்துக்கு மேல ஆச்சு. சந்தைக்கு ஏரிக்கரையச் சுத்தித்தான் ஓட்டறேன். அந்தக் கொழந்தை இப்ப நடக்குதாமுங்க. நான் பாத்ததில்லீங்க."

டாக்டரின் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. மூடியை அவர் விரல்கள் பிடித்திருப்பது துணிக்கு வெளியே எனக்குத் தெரிந்தது. கை வெளியே வரவில்லை.

"பம்புல கோளாறு" என்றார். "உள்ளே ஒரு தோல் கிழிஞ்சிருந்துது. சேலத்துக்காரங்க கவனிக்கலை. உன்மேல ஒண்ணுமில்லை."

"பம்பா?"

"பம்புதான்."

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். "ஆமாங்கண்ணே, பம்புதான்" என்றேன் நானும்.

அவர் முகம் கோணிக்கொண்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் மறுபடி வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். "வேணாங்க ஐயா. மாடு நின்னா ஏன் நின்னுச்சுன்னு தெரியுதுங்க, அதே போதும்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரிடம் கேட்பதைப்போல ஒன்று கேட்டார்.

"அப்ப, நான் அந்தத் தெரு வழியாப் போலாங்களா ஐயா?"

"போலாம்பா. தாராளமாப் போ" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் அவர் மூடியை என்னிடம் கொடுத்து, "நீயே மூடு" என்றார். கோட்டில் பெட்ரோல் கறை படிந்திருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். யுத்தம் முடிவதற்குள் காரை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அவசரமென்றால் சைக்கிள் கேரியரில்கூட ஏறிப் போனார். அந்தக் கனத்த சரீரத்தோடு அவர் போவதைப் பார்த்து ஊரில் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை.

டாக்டர் இல்லை. முனிரத்தினமும் காலமாகி வெகு வருஷமாயிற்று. ஒரு வேலையாகக் கம்பைநல்லூர் போனபோது பெருமாள் கோயில் தெருவைத் தேடினேன். வீடுகளை இடித்து, ரோட்டை அகலமாக்கி, கடைகள் கட்டிவிட்டார்கள். லாரிகள் சந்தைக்கு அதன் வழியேதான் போகின்றன. அந்தப் பெண் வாசல் தெளித்த இடம் எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏரிக்கரைப் பாதை மட்டும் இன்னும் இருக்கிறது. அதன் வழியாகச் சந்தைக்கு யாரும் போவதில்லை, அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போக இப்போது யாருக்கும் காரணமில்லை.